எங்கள் தீவின் பெயரில் செலவாகிறது, எங்கள் தீவில் தங்குவதில்லை

இராமேஸ்வரம் தீவுக்குப் பணம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வருகிறது, நன்றாகவே வருகிறது. 2025 ஏப்ரல் 6, ராம நவமியன்று திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு மட்டும் 550 கோடி ரூபாய் அளவுக்குச் செலவானது. ரயில் நிலையத்தைப் புதிதாகக் கட்டும் வேலை தனி. சாலை, குடிநீர், கழிவுநீர், மீன் இறங்குதளம், கடற்கரை அழகுபடுத்தல் என்று ஏதாவது ஒரு வேலைக்கு எந்நேரமும் எங்காவது பள்ளம் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் ஆதங்கம் வேறு. இத்தனை பணமும் எங்கள் தீவின் பெயரைச் சொல்லி வந்துவிட்டு, ஒரு ராத்திரிகூட இங்கே தங்காமல் அதே பாலம் ஏறித் திரும்பிப் போய்விடுகிறதே, அது ஏன்?

2011 கணக்கெடுப்பின்படி இராமேஸ்வரம் நகராட்சியில் 44,856 பேர். பாம்பன், தங்கச்சிமடம் ஊராட்சிகளில் இருப்பவர்கள் தனி. இவர்களுக்குப் பிழைப்பு என்று பார்த்தால் கடல், கோயிலுக்கு வரும் கூட்டம், கொஞ்சம் தென்னை, கொஞ்சம் பனை, தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று, அவ்வளவுதான். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் லட்சக்கணக்கில் ஜனம் வந்து போகிறது. குடிக்கிற தண்ணீர், குப்பை, போக்குவரத்து நெரிசல் எல்லாம் எங்கள் தலையில்தான் விழுகின்றன. சுமை எங்களோடு இருக்கட்டும். வரும்படியிலும் ஒரு பங்கு எங்களுக்கு வர வேண்டுமா, வேண்டாமா?

வரும்படி என்றதும் எல்லாரும் யாத்திரிகர் பையில் இருக்கும் காசையே நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய கை ஒன்று இருக்கிறது. அது அரசாங்கத்தின் கை. எண்ணிப் பாருங்கள்: நகராட்சி, ஊராட்சிகள், கோயில் நிர்வாகம், ரயில்வே, அரசு மருத்துவமனை, பள்ளிக்கூடங்கள், அங்கன்வாடிகள், காவல் நிலையங்கள், மீன்வளத் துறை, தபால் நிலையம், வங்கிகள், துறைதோறும் ஒரு விருந்தினர் மாளிகை. எல்லாருமே தினம் ஏதோ ஒன்றை வாங்குகிறார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, தேங்காய், எண்ணெய், துடைப்பம், பினாயில், மேசை, நாற்காலி, சீருடை, செடி, மாலை, சால்வை, தேநீர், வடை, கூட்டத்துக்குச் சாப்பாடு, பெயின்ட், மணல், செங்கல், ஆள்கூலி. வருஷம் முழுக்க நிற்காமல் வாங்குகிற வாடிக்கையாளர் இவர்களைப் போல இந்தத் தீவில் வேறு யாரும் கிடையாது. கூட்டம் குறைந்தால் விடுதிக்காரர் சோர்ந்துபோகிறார், கடலில் பிரச்சினை என்றால் படகுக்காரர் முடங்கிப்போகிறார். அரசாங்கம் மட்டும் எந்த மாதத்திலும் வாங்குவதை நிறுத்துவதில்லை.

இந்த வாடிக்கையாளர் எங்கே, யாரிடம் வாங்குகிறார்? ஒவ்வொரு ரசீதும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்கிறது. தணிக்கைக்கு வருகிறவர்கள் ரூபாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த ரூபாய் எந்த ஊருக்குப் போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிக் கொடுத்த ஊர் இது. நூறு ரூபாய் செலவழித்தால் அதில் இந்த மண்ணில் நின்றது எத்தனை என்று சொல்ல ஓர் அலுவலகத்திடமும் ஒரு தாள் கிடையாது.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தீவில் ஓர் அலுவலகம் பெண்களின் சுயதொழிலை ஊக்குவிக்க ஒரு விழா நடத்தியது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை, எதுவாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். மண்டபத்தின் ஒரு மூலையில் பனை ஓலை முடைகிற பெண்களை உட்கார வைத்திருந்தார்கள். வந்த விருந்தினர்கள் அவர்கள் முன்னால் குனிந்து, பெட்டியைக் கையில் எடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு மேடையில் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். மதுரையிலிருந்தோ எங்கிருந்தோ பார்சலில் வந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கேடயம் அது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த பலகாரம் அட்டைப் பெட்டியில், மேலே பாலித்தீன் சுற்றி, வெளியூர்க் கடைப் பெயரோடு இருந்தது. சுயதொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். ஓலைப் பெட்டி ஒன்றைக்கூட யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை.

அந்த ஓலைப் பெட்டியில் எவ்வளவு வேலை இருக்கிறது தெரியுமா? குருத்தோலையை வெட்டி வெயிலில் காயப்போட வேண்டும். ரொம்பக் காய்ந்தால் ஒடியும், காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை ஒரே அகலத்துக்கு வகிர வேண்டும். அகலம் கொஞ்சம் முன்பின் ஆனாலும் அடிப்பாகம் கோணிக்கொள்ளும். சாயம் வேண்டும் என்றால் கொதிக்கிற தண்ணீரில் சாயப்பொடி கலந்து ஓலையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். அப்புறம்தான் முடைவது. விளிம்பு மடக்குகிற இடத்தில் விரல் நுனி கிழியும். பிளாஸ்டிக் வேண்டாம் என்று 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அதற்கு மாற்று என்ன என்று மேடைதோறும் கேட்கிறார்கள். மாற்று இதோ, அந்த மண்டபத்தின் மூலையிலேயே உட்கார்ந்து முடைந்துகொண்டிருந்தது.

விழா முடிந்ததும் அந்தப் பெண்களில் மூத்தவரிடம், அரசு அலுவலகங்களுக்கு நீங்களே கொடுக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கிறார்கள். ஒரு முறை பெட்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்ததைக் கேள்விப்பட்டு, குழுவாகப் போய் விசாரித்திருக்கிறார்கள். அங்கே கொடுத்த நிபந்தனைத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். வாங்கிப் படித்தேன். மூன்று ஆண்டு வர்த்தகத்துக்குப் பட்டயக் கணக்கரின் சான்று. இதே பொருளை அரசுத் துறை ஒன்றுக்கு ஏற்கெனவே வழங்கிய அனுபவச் சான்று. ஜி.எஸ்.டி. எண். முன்வைப்புத் தொகை. ஆன்லைனில் விண்ணப்பிக்க டிஜிட்டல் கையொப்பம். மொத்த எண்ணிக்கையையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டும். பணம் எப்போது வரும் என்பதற்கு மட்டும் தேதி கிடையாது.

"பெட்டி முடையத் தெரியும் தம்பி. இந்தப் பேப்பரை யாரு முடையுறது?" என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த நிபந்தனைகளை எழுதியவரிடமும் இருக்காது என்றே நினைக்கிறேன். வேறு ஏதோ ஒரு டெண்டருக்குத் தட்டச்சு செய்த தாளில் பொருளின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள்.

சட்டம் இப்படித்தான் கேட்கிறதா என்று பார்த்தால், அதுவும் இல்லை. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஓலைப் பெட்டிக் குழு எந்தக் காலத்தில் 40 லட்சத்தைத் தொடப்போகிறது? மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, மத்தியத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. 20 விழுக்காடாக இருந்த அந்தப் பங்கு 2018-இல் 25 ஆக உயர்ந்தது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு. பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு முன்வைப்புத் தொகை கிடையாது. பொருளைப் பெற்ற 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கூட்டு வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சிறு தொகைக்கு விலைப்புள்ளி இல்லாமலே வாங்கலாம், அதற்கு மேல் ஒரு வரம்பு வரை மூன்று அலுவலர் கொண்ட உள்ளூர்க் கொள்முதல் குழு சந்தையைப் பார்த்து வாங்கலாம் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இடம் தருகின்றன. இவ்வளவும் அச்சில் இருக்கிறது. அந்தத் தாயிடம் உட்கார்ந்து, "அம்மா, உங்களுக்கு இந்த உரிமை இருக்கிறது, இந்த இடத்தில் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொல்லத்தான் ஓர் ஆள் இல்லை.

எங்கள் அலுவலர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்ததற்குக் காரணம் இருந்தது. வேண்டியவருக்கு வேலை கொடுக்கிற பழக்கத்துக்குக் கடிவாளம் போட அது வந்தது. அந்தக் கடிவாளம் வேண்டும். ஆனால் அதைக் கையாளுகிற விதத்தில் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. மிகக் குறைந்த விலை போட்டவனுக்கே கொடுத்துவிட்டால் நாளைக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சின்னச் சின்னதாகப் பத்துப் பேரிடம் வாங்கினால் பத்துக் கோப்பு, பத்துக் கையெழுத்து. பெரிய கான்ட்ராக்டர் ஒருவரிடம் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஒரே கோப்பு. அலுவலருக்கு நிம்மதி, கான்ட்ராக்டருக்கு லாபம். தீவுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் ஒரு வரிகூட இடமில்லை.

பணம் தங்குவதற்கும் தங்காததற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் கைக்கு வந்த ரூபாயில் 60 காசு உள்ளூரிலேயே மறுபடி செலவாகிறது என்று வையுங்கள். நூறு ரூபாய் முதல் கையில் நூறு, அடுத்த கையில் அறுபது, அதற்கடுத்து முப்பத்தாறு என்று குறைந்துகொண்டே போனாலும், எல்லாம் கூட்டினால் ஊருக்குள் 250 ரூபாய் வியாபாரம் நடந்திருக்கும். அதே ரூபாயில் 20 காசுதான் ஊரில் நிற்கிறது என்றால் மொத்தம் 125-தான். அரசாங்கம் கொடுத்தது இரண்டு இடத்திலும் அதே நூறு. ஓலைக்காரப் பெண் மளிகைக் கடைக்குக் கொடுப்பாள், மளிகைக்காரர் ஆட்டோவுக்குக் கொடுப்பார், ஆட்டோக்காரர் மீன்காரம்மாவிடம் கொடுப்பார். வெளியூர்க் கம்பெனியின் வங்கிக் கணக்குக்குப் போன நூறு ரூபாய் யாரிடமும் வராது. ஐம்பது ரூபாய் மலிவாகக் கிடைத்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் அலுவலகம், அதனால் ஊர் இழந்த வியாபாரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதைச் சொன்னால் உடனே மூன்று மறுப்பு வரும். முதலாவது, எல்லாவற்றையும் தீவிலேயே செய்ய முடியுமா என்பது. முடியாது. கப்பலுக்கு வழிவிட மேலெழும் 72.5 மீட்டர் இரும்புத் தூக்குப் பாலத்தைத் தங்கச்சிமடத்தில் செய்துகொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் வேலை செய்தவர்கள் வருஷக்கணக்கில் சாப்பிட்ட சாப்பாடு, தங்கின அறை, ஏறின படகு, காவலுக்கு நின்ற ஆள், துவைத்த துணி எல்லாம் தீவில் கிடைக்கிறவைதான். பெரிய ஒப்பந்தம் கொடுக்கும்போதே இவற்றில் இவ்வளவு பங்கை இந்த ஊரில் வாங்கு, இந்த ஊர்ப் பிள்ளைகள் இத்தனை பேருக்குத் தொழில் பழக்கு என்று ஒரு வரி எழுதினால் போதும். 550 கோடியில் அந்த ஒரு வரியின் விலை ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, உள்ளூரில் விலை கூடுதல் என்பது. சிலவற்றில் உண்மை. ஆயிரம் பிளாஸ்டிக் பெட்டியின் விலைக்கு ஆயிரம் ஓலைப் பெட்டி கிடைக்காது. ஆனால் பிளாஸ்டிக்கை அள்ள நகராட்சி ஆள் வைக்கிறதே, அந்தச் செலவு யார் கணக்கில்? தூரத்திலிருந்து வந்த பொருள் பழுதானால் சரிசெய்ய ஆள் வருவதற்குள் மாதம் ஓடுகிறதே, அது யார் கணக்கில்? கணக்குப் போடுவதென்றால் முழுக்கப் போடுங்கள்.

மூன்றாவது மறுப்புதான் எனக்கும் கவலை தருவது. உள்ளூரில் வாங்கு என்றால் கவுன்சிலரின் மச்சான் கடையில் வாங்குவார்களே என்பது. நியாயமான பயம். தீவில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, சரக்கை வெளியூரிலிருந்து இறக்கி, உள்ளூர்க்காரன் என்று சொல்லி பில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கடையின் விலாசத்தைப் பார்க்காதீர்கள், பொருளைச் செய்த கை எந்த ஊர்க் கை என்று பாருங்கள் என்கிறேன். யாரிடம், என்ன விலைக்கு, எவ்வளவு வாங்கினோம் என்று மாதந்தோறும் அலுவலக வாசலில் எழுதிப் போட்டால் மச்சான் கடைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஊர் ஜனத்துக்கு யார் மச்சான் யார் என்று நன்றாகவே தெரியும்.

இது எங்கும் நடக்காத கதையும் இல்லை. இங்கிலாந்தில் பிரெஸ்டன் என்று ஒரு நகரம். 70 கோடி பவுண்டு மதிப்பில் பெரிய வணிக வளாகம் வரப்போகிறது என்று பல வருஷம் காத்திருந்தார்கள். 2011-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வெளியிலிருந்து யாரோ வந்து தூக்கிவிடுவார்கள் என்ற நினைப்பை அதோடு விட்டுவிட்டு, நகரசபை, மாவட்ட சபை, காவல்துறை, கல்லூரி போன்ற அமைப்புகள் தங்கள் கொள்முதல் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தன. 2013 வாக்கில் அவர்கள் செலவழித்ததில் 5 விழுக்காடுதான் பிரெஸ்டனுக்குள் நின்றது. சுற்றியுள்ள லங்காஷயரையும் சேர்த்தால் 39 விழுக்காடு. பெரிய ஒப்பந்தங்களைக் கூறுபோட்டார்கள். பள்ளி உணவுக்கான ஒரே ஒப்பந்தத்தை முட்டை தனி, பால் தனி, காய்கறி தனி, இறைச்சி தனி என்று பிரித்ததும் அக்கம்பக்கத்துச் சிறு வியாபாரிகளும் போட்டியில் நிற்க முடிந்தது. நான்கே ஆண்டுகளில் 5 என்பது 18 ஆனது, 39 என்பது 79 ஆனது. அதற்குப் புதிதாகச் சட்டம் ஒன்றும் போடவில்லை. முதலில் கணக்கெடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிரேசில் 2009-இல் சட்டமே கொண்டுவந்தது. பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஸ்காட்லாந்து தன் தீவுகளுக்கென்றே 2018-இல் ஒரு சட்டம் செய்தது. தீவு மக்களைத் தனியாகப் பாதிக்கக்கூடிய கொள்கையோ சேவையோ எதுவானாலும், அந்தப் பாதிப்பை மதிப்பிட்டுப் பார்க்க வேண்டிய கடமை அரசு அமைப்புகளுக்கு உண்டு. கரையில் இருக்கிறவனுக்குப் போடும் விதி தீவில் இருக்கிறவனுக்கு வேறு மாதிரி வந்து விழும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? தமிழ்நாட்டுக்கே இந்த வித்தை நன்றாகத் தெரியும். பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுக்கும் திட்டம் 1983-இல் தொடங்கியது. ஏழைக்குத் துணி, நெசவாளிக்கு வேலை என்ற இரண்டையும் ஒரே செலவில் செய்தது அது. 2023 பொங்கல் பரிசில் முதலில் கரும்பு இல்லை. வயலில் கரும்பை வைத்துக்கொண்டு விவசாயிகள் கொதித்தெழுந்ததும் சேர்த்தார்கள். விவசாயிகளிடமே நேரடியாக வாங்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் கிராமப்புறப் பள்ளிகளில் சமைப்பது அந்தந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ரேஷன் கடைகளில் பனை வெல்லம் விற்போம் என்று அறிவித்தார்கள். பனை எங்கள் மாநில மரம். அது நிறைந்து நிற்கிற மாவட்டங்களில் ஒன்று எங்கள் இராமநாதபுரம். அந்தந்த ஊர்ப் பனையேறியிடம் வாங்கி அந்தந்த ஊர் ரேஷன் கடையில் நிரந்தரமாக விற்றால் எத்தனை பேர் மறுபடி மரம் ஏறுவார்கள்? ஊரில் வாங்கினால் ஊர் பிழைக்கும் என்பது அரசுக்குத் தெரிகிறது. தெரிந்ததை ஒரு திட்டத்துக்கு, ஒரு பண்டிகைக்கு என்று நிறுத்திக்கொள்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடலையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் பெருக அது வேண்டியதுதான். அந்த இரண்டு மாதம் படகில் போகிறவர்களுக்கு நிவாரணத் தொகை வருகிறது. ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிறவர், கருவாடு காயப்போடுகிற பெண், எல்லாருடைய அடுப்பும்தான் அப்போது அணைகிறது. அரசு அலுவலகங்களுக்குச் சுவர் வெள்ளையடிப்பது, பள்ளிக்கூட மேசை நாற்காலி பழுதுபார்ப்பது, கடற்கரையில் மரம் நடுவது, வடிகால் தூர்வாருவது போன்ற சின்ன வேலைகளை அந்த 61 நாளுக்குள் வருகிற மாதிரி வைத்து, தீவு ஆட்களுக்கே கொடுத்தால் என்ன? கூடுதலாக ஒரு பைசா வேண்டாம். எப்படியும் செய்யப்போகிற வேலைதான். தேதியை மாற்றினால் போதும்.

தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வேர் பிடித்த பதியன்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் அனுப்புகிறார்கள். அதே தீவில் ஓர் அலுவலக வளாகத்தை அழகுபடுத்த வெளியூர் லாரியில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வந்து இறங்கியதை நான் நின்று பார்த்தேன். உப்புக் காற்றில் ஒரு கோடைகூடத் தாங்காமல் முக்கால்வாசி கருகிப்போயின. மறுபடி அதே லாரி வந்தது. இதற்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சீனி கலந்த கருப்பட்டியை அசல் என்று விற்கிறவன் அரசாங்கத்திடம் உரிமை கேட்டு நிற்க முடியாது. சொன்ன தேதியில் சொன்ன எண்ணிக்கை கொடுக்க வேண்டும். பத்துக் குழுக்கள் பத்து அளவில் பெட்டி முடைந்தால் யார் வாங்குவார்கள்? அளவு, தரம், விலை மூன்றையும் பேசி முடிவு செய்து, ஒரே கூட்டமைப்பாகப் போய் நிற்க வேண்டும். குறு, சிறு நிறுவனமாகப் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு போடுவதற்குக் கட்டணமே கிடையாது. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். போனில் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அத்தைக்கு அந்தப் பதிவைப் போட்டுக் கொடுக்கக் கூடாதா?

அரசாங்கத்திடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. தீவில் இருக்கிற ஒவ்வொரு அரசு அலுவலகமும், கோயில் நிர்வாகமும், ரயில்வேயும், வங்கியும், போன வருஷம் வாங்கியதில் எத்தனை ரூபாய் இந்தத் தீவின் அஞ்சல் குறியீடு உள்ள விலாசங்களுக்குப் போனது, அதில் எவ்வளவு இங்கேயே விளைந்ததும் செய்ததும் என்று ஒரு தாளில் எழுதி வெளியிடட்டும். கூறுபோடக்கூடிய ஒப்பந்தங்களைக் கூறுபோடட்டும். ஓலைப் பெட்டிக்கும் தேங்காய்க்கும் வடைக்கும் மூன்று வருஷ வர்த்தகச் சான்று கேட்பதை நிறுத்தட்டும். 45 நாளில் பணம் என்று சட்டம் சொல்வதை நடத்திக் காட்டட்டும். மாதத்தில் ஒரு நாள் ஒரு அலுவலர் சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்து, அடுத்த மூன்று மாதத்தில் அரசு இந்தத் தீவில் என்னென்ன வாங்கப்போகிறது, அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று தமிழில் சொல்லட்டும். இதற்குத் தனி நிதியும் வேண்டாம், அடிக்கல் நாட்டு விழாவும் வேண்டாம்.

இங்கே தரிசனத்துக்கு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொண்டுவரும் பணம் உங்களுடையது, எங்கே செலவழிப்பது என்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் சங்கும் பாசிமணியும் வாங்கும்போது, இது எங்கே செய்தது என்று கடைக்காரரிடம் ஒரு தடவை கேளுங்கள். ஓலைப் பெட்டி எங்கே கிடைக்கும், நல்ல கருப்பட்டி யாரிடம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். உள்ளூர்ப் பெண்கள் நடத்துகிற கடையில் ஒரு வேளை சாப்பிடுங்கள். கேட்கிறவர்கள் பெருகினால் கடைக்காரர் தானாகவே உள்ளூர்ச் சரக்கை வைப்பார்.

எங்கள் மாவட்ட ஆட்சியருக்கும், நகர்மன்றத்துக்கும், ஊராட்சிகளுக்கும், இங்கே அலுவலகம் வைத்திருக்கும் ஒவ்வொரு துறைக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. புதிய திட்டம் எதையும் அறிவிக்க வேண்டாம். எங்கள் பெயரில் ஏற்கெனவே செலவழிக்கிற பணத்துக்குக் கணக்குக் காட்டுங்கள். இந்த நிதியாண்டு முடிவதற்குள் அந்த ஒரு தாளை அலுவலக வாசலில் ஒட்டுங்கள். அதில் இருக்கும் எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் அதை எப்படிக் கூட்டுவது என்று உங்களோடு உட்கார்ந்து பேச இந்தத் தீவில் ஆட்கள் இருக்கிறார்கள்.